முப்பத்தொன்றாம் அட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா, அம்மாவின் காது எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன தடவை நீ, "நீ 'ம்' கொட்டறப்பவே பின்னாடி டக்டக்குன்னு தட்டற சத்தம் கேக்குது. இனிமே லெட்டர் எழுது. அதுலயாவது என்னைப் பத்தி யோசிப்ப" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். அதற்கு முன் என் ஆராய்ச்சியை இன்னொரு தடவை சொல்கிறேன், கொட்டாவி விடாமல் படி. நோய் யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்பது, யார் யாருக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்களைப் புள்ளியாகவும் அவர்களுக்குள் இருக்கும் நெருக்கத்தைக் கோடாகவும் போட்டால் ஒரு வலை கிடைக்கும். அந்த வலைக்குள் கம்ப்யூட்டரில் ஒரு நோயை ஓடவிட்டுப் பார்ப்பேன். எந்தப் புள்ளி வழியாக அதிகம் பரவுகிறதோ அங்கே முதலில் தடுக்கலாம். நாலு வருடப் படிப்பு இவ்வளவுதான்.

உங்கள் மருத்துவமனையில் தையல் போட்ட புண்கள் சீழ் பிடிப்பது அதிகமாகிவிட்டது என்று நீயே சொன்னாய். அங்கே ஆய்வு செய்ய அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று வாரம் நூற்று நாற்பது பேர் கழுத்தில் ஒரு அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வேறு எந்த அட்டை இருக்கிறது என்று இருபது விநாடிக்கு ஒரு தடவை அது குறித்துக்கொள்ளும். பேச்சைக் கேட்காது, படம் பிடிக்காது. எந்த எண் டாக்டர், எது நர்ஸ், எது பணியாளர் என்ற வகை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் ஒட்டிய உறையில் கண்காணிப்பாளரிடம் இருக்கும், பிரிக்க மாட்டார்கள்.

வார்டு உதவியாளர்களும் துப்புரவு வேலை செய்பவர்களும் தயங்குகிறார்களாம். துணி அறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாய், நீ சொன்னால் கேட்பார்கள். உன் எண்ணை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே. சொன்னால் விதிப்படி உன்னை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சுண்டு


பிப்ரவரி 20

சுண்டுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் இடுப்பு இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. முட்டிவலிக்கு மாத்திரை எழுதி அனுப்பச் சொல்கிறாள் அம்மா. நீ அந்த டாக்டர் ஆகப்போவதில்லை என்று நாலு வருடமாகச் சொல்கிறேன். அப்புறம் எதுக்குப் படிக்கிறா என்று கேட்கிறாள். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு விளக்கினேன், பாதியில் தூங்கிவிட்டாள்.

உன் அட்டையை மாட்டியாகிவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். வார்டு கூட்டும் அம்மா, "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில கட்டிட மாட்டாங்களே?" என்றாள். "என் தங்கச்சி செய்யற வேலை, நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்.

டாக்டர்களுக்குத்தான் உன் அட்டை பிடிக்கவில்லை. காலையில் ஆபரேஷனுக்குக் கவுன் வாங்க என் மேசைக்கு வருகிறார்கள். கவுனுக்குள் கயிறு உறுத்துகிறதாம். "இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கழற்றி, நான் ஊக்கும் நாடாவும் போட்டுவைக்கும் கூடையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். பத்து மணிக்குள் பதினொரு அட்டை சேர்ந்துவிடும். சாயங்காலம்வரை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. உன் பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்று கண் முன்னால் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போகும்போது துடைத்து நானே சார்ஜரில் மாட்டிவிட்டுப் போகிறேன். உன் அட்டைகளுக்கு ஆயா வேலை பார்க்கிறேன், சம்பளம் எப்போது?

நேரத்துக்குச் சாப்பிடு. முடியை வெட்டித் தொலைத்துவிடாதே.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

நலம், நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபிக்காதே. நீ அட்டைகளுக்கு ஆயா என்று எழுதியதைப் படித்து அறையில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு நல்ல செய்தி. வலை அற்புதமாக வந்திருக்கிறது. அதற்கு நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, முப்பத்தொன்று. ஒரு பணியாளர். அந்த ஆள் எல்லா டாக்டர்களோடும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறார், எல்லா வார்டுக்காரர்களோடும் தொடர்பு வைத்திருக்கிறார். நோயை ஆயிரம் தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்றின் தொடர்பை அறுத்தால் பரவல் பாதிக்குப் பாதி குறைந்துவிடுகிறது. இப்படி ஒரு புள்ளி கிடைக்க மற்றவர்கள் வருடக்கணக்கில் தவம் கிடக்கிறார்கள். பேராசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார், நாலு வருடத்தில் முதல் தடவை. படத்தில் அதை மட்டும் பெரிய சிவப்பு வட்டமாகப் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.
சுண்டு


மே 2

சுண்டுவுக்கு,

நலம். அம்மாவும் நலம்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சில சந்தேகம். அந்த முப்பத்தொன்று என்ன தப்பு செய்தது? ஒருத்தர் பக்கத்தில் நிற்பதற்கும் அவரால் நோய் வருவதற்கும் வித்தியாசம் கிடையாதா? அந்த ஆள் யார், என்ன வேலை செய்கிறார் என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? தொடர்பை அறுப்பது என்றால் நிஜத்தில் என்ன செய்வார்கள்?

நேரம் கிடைத்தால் எழுது.

அக்கா


மே 10

அன்புள்ள அக்கா,

நலம். உன் கேள்வியெல்லாம் பேராசிரியர்களே கேட்காத கேள்வி, உன்னைப் படிக்கவைத்திருக்க வேண்டும். அந்த ஆள் தப்பு எதுவும் செய்யவில்லை, இடம் அப்படி. நாற்சந்தியில் நிற்பவன் மேல் புழுதி அதிகம் படிவது போலத்தான். யார் என்று போய்ப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதுதான் இந்த முறையின் நேர்மையே. தொடர்பை அறுப்பது எப்படி என்பதை நிர்வாகம் முடிவு செய்யும், நமக்கு அதில் வேலை இல்லை.

எட்டாம் தேதி அறிக்கையை உங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம். கட்டுரையும் ஒரு நல்ல இதழில் வரப்போகிறது. அது வந்துவிட்டால் செப்டம்பரில் பட்டம் உறுதி. அம்மாவிடம் சொல்.

சுண்டு


ஜூன் 28

சுண்டுவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய். கட்டுரை வந்துவிட்டதா?

அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டதில் ரொம்ப சந்தோஷம். சமையலறை ஜன்னலில் பதினொரு மணிக்கு வரும் வெயில் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா. பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் இருந்தும் நான் பார்த்ததே இல்லை. அலமாரிகளையெல்லாம் ஒழித்துத் துடைத்தாயிற்று. இனித் துடைக்க ஒன்றும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஜூலை 5

அக்கா,

ஆறு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு நீ துணி அறையில் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகூட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். பதினொரு மணி வெயிலை நீ எப்படிப் பார்த்தாய்?

விதியெல்லாம் போகட்டும். உன் அட்டை எண் என்ன?

சுண்டு


ஜூலை 12

சுண்டுவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை கேட்கவில்லை.

முப்பத்தொன்று நான்தான். ஏப்ரலில் உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய், அதில் எப்படி மண் போடுவது என்று சும்மா இருந்தேன். அந்த ஆளைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நீ நாற்சந்தி, புழுதி என்று கதை சொன்னாய்.

உன் அறிக்கை வந்த மூன்றாம் நாள் உறையைப் பிரித்துவிட்டார்கள். பிரிக்க மாட்டார்கள் என்று நீ சொன்ன உறை. கண்காணிப்பாளர் கூப்பிட்டு உன் படத்தைக் காட்டினார். சிவப்பு வட்டம். "நீங்கதாம்மா இது" என்றார். என் மூக்கிலும் கையிலும் மூன்று தடவை பஞ்சு வைத்து எடுத்துச் சோதித்தார்கள், ஒரு கிருமியும் இல்லை. முடிவு வந்த அன்று அதையும் போய்ச் சொன்னேன். "டெஸ்ட் தப்பா வரலாம்மா, கம்ப்யூட்டர் சொல்லிருக்கே" என்றார். ஆபரேஷன் தியேட்டருக்குள் நான் கால் வைத்ததே கிடையாது என்றேன். அதற்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். முப்பத்தொன்றாம் அட்டை அணிந்தவர் மறு உத்தரவு வரும்வரை வளாகத்துக்குள் வரக்கூடாது. பெயர் போடவில்லையாம், அது மரியாதையாம். மறுநாள் யார் வரவில்லை என்று பார்த்தால் தெரிந்துவிடாதா? வார்டு கூட்டும் அம்மா நான் பொறுப்பு என்று சொன்னதை நம்பி அட்டை மாட்டியவள். பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். இப்போது கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு மாதத்தில் புதிதாக ஒன்பது பேருக்குப் புண் சீழ் பிடித்திருக்கிறது என்று தலைமை நர்ஸ் சொன்னார். நான் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு பரப்பியிருக்கிறேன் போலிருக்கிறது.

நான் யாருடனும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கவில்லையடி. டாக்டர்கள் என் மேசையில் நிற்பது ஒரு நிமிடம், கையெழுத்துப் போட்டுக் கவுன் வாங்கும் நேரம். உன் அறிக்கையில் போட்டிருக்கும் ஆறு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே எழுதிவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

உன் பிப்ரவரிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பதினொரு அட்டை, உன் கூடை. எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. நான் அதைப் படித்தேன், சிரித்தேன், மூடி வைத்தேன்.

இரண்டு வாரம் மறுபடி எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தேன். பதினொரு டாக்டர்கள் ஒருவருக்கொருவர் ஒரு சாண் தூரத்தில் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார்கள். தினமும். மனிதர்களால் அப்படி நிற்க முடியுமா? அந்த இடத்தில் 'நீண்ட கூட்டம்' என்று நானே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். தலைமை நர்ஸிடம் கேட்டு ஆபரேஷன் நேரங்களை வாங்கிப் பொருத்தினேன். என் வலைப்படி தியேட்டருக்குள் நர்ஸ்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். டாக்டரே இல்லாமல் மூன்று வாரத்தில் தொண்ணூற்றிரண்டு ஆபரேஷன் நடந்திருக்கிறது. அவர்கள் கழற்றி எறிந்ததை நீ பத்திரமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். உன் கழுத்து அட்டை, டாக்டர்களே நாள் முழுக்க உன்னோடு இருந்ததாகக் குறித்துக்கொண்டது. அலமாரியில் போட்டுப் பூட்டியிருந்தால் நீ தப்பித்திருப்பாய்.

பேராசிரியரிடம் போனேன். "எல்லா டேட்டாவுலயும் கொஞ்சம் சத்தம், அதாவது பிழை, இருக்கும்மா. கடைசிப் பக்கத்துல ஒரு வரி சேர்த்துடலாம்" என்றார். "அந்தச் சத்தம் எங்க அக்கா சார்" என்றேன். அதற்கு அவர், "உங்க அக்கா அங்க வேலை செய்யறாங்கன்னு வெளிய தெரிஞ்சா நீ சொல்றதை யார் நம்புவா? கட்டுரையைத் திரும்ப வாங்கினா பட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம். யோசிச்சுக்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தக்கூட மறந்து வந்துவிட்டேன். ஆனால் அவர் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. சிவப்பு நிறம் போட்டது நான்.

என்னை மன்னித்துவிடு அக்கா.

சுண்டு


ஆகஸ்ட் 9

சுண்டுவுக்கு,

உன் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பலகையில் ஒட்ட முடியுமா? எண்ணைத் திருத்து.

ஒரு வருடம் போகும் என்று எழுதியிருக்கிறாய். போகட்டும் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா, வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா? இரண்டையும் சொல்ல மாட்டேன். உன் வருடம், நீ முடிவு செய். என் பத்தொன்பது வருடத்தை யாரும் என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

இன்னொன்று. திருத்துகிறேன் பேர்வழி என்று என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பணியாளரைச் சிவப்பாக்கிவிடாதே. உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதது தெரியாது என்றே எழுது. யார் காலையில் வாங்கிய கவுனோடு மூன்று வார்டு சுற்றுகிறார்கள் என்பது கவுன் கொடுக்கும் எனக்குத் தெரியும். அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நீயும் சேர்த்து.

சாப்பிடாமல் கிடக்காதே. அது கோபம் இல்லை, முட்டாள்தனம்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

நலம். தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் ஆய்வுக் குழு முன்னால் நின்றேன். அஞ்சு பேர். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றதும் பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அட்டைகள் கழுத்தில் இல்லை, கூடையில் இருந்தன என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து அந்தப் பத்தியை வாசித்தேன். ஆயா வேலை என்ற இடத்தில் ஒருத்தர் சிரித்தார். குழுவில் இருந்த பெண்மணி சிரிக்கவில்லை, கேட்டார்:

"இந்த லெட்டர் உங்களுக்கு எப்ப கெடச்சுது?"

"பிப்ரவரி இருபத்துநாலு."

"அறிக்கை எப்ப அனுப்பினீங்க?"

"மே எட்டு."

அவர் இரண்டு தேதிகளையும் தாளில் எழுதி வட்டமிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இந்த நாலு வருடத்தில் நான் எழுதிய எந்தப் பரீட்சையையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கட்டுரை போயிற்று. பட்டம் அடுத்த வருடம், அதுவும் வேறு யாராவது என்னை எடுத்துக்கொண்டால். உங்கள் கண்காணிப்பாளருக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன், குழுவின் கையெழுத்தோடு. முப்பத்தொன்றைப் பற்றி நாங்கள் சொன்னது தவறு, டாக்டர்களின் நடமாட்டம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒட்டிய உறையைப் பிரித்தது ஒப்பந்தத்துக்கு விரோதம். நீ சொன்னபடி யாரையும் சிவப்பாக்கவில்லை.

நீ பேசாமல் இருந்தாலும் சரி, ஒரு வரி எழுது.

சுண்டு


அக்டோபர் 6

சுண்டுவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டிவலிக்கு நிஜ டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டார், நீ கவலைப்பட வேண்டாம்.

உன் இரண்டு பக்கம் வந்து சேர்ந்த மறுநாளே ஆபீஸிலிருந்து போன். "திங்கட்கிழமை வந்துடுங்கம்மா" என்றார்கள், லீவு முடிந்து வருகிறவளைக் கூப்பிடுவதுபோல. "வரக்கூடாதுன்னு பலகையில ஒட்டினீங்கல்ல? ஏன் வரச் சொல்றீங்கன்னும் அங்கயே ஒட்டுங்க, வரேன்" என்றேன். அதெல்லாம் வழக்கமில்லை என்றார்கள். வழக்கம் இல்லாததை அன்றைக்கு மட்டும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு வைத்துவிட்டேன். எட்டு நாள் யாரும் பேசவில்லை. எனக்குப் பயம்தான், அம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் தலைமை நர்ஸ் போன் செய்து ஒட்டியிருக்கிறார்கள் என்றார். நேரில் போய்ப் படித்தேன். 'முப்பத்தொன்றாம் அட்டை அணிந்தவரைப் பற்றிய முந்தைய அறிவிப்பு தவறான தகவலின் பேரில் வெளியிடப்பட்டது. வருந்துகிறோம்.' வருந்துகிறோம் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, எனக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது.

வார்டு கூட்டும் அம்மா அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வா என்றும் நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு அவளே வந்து உட்கார்ந்தாள். "உன் தங்கச்சி இனிமே எதையாவது கழுத்துல மாட்டச் சொன்னா நான் மாட்ட மாட்டேன்" என்றாள். "நானும் மாட்ட மாட்டேன்" என்றேன். இங்கே யாருமே மாட்ட மாட்டார்கள், தெரிந்துகொள். அது நீ சம்பாதித்தது.

பழைய கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நேற்று ஒரு டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, "இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். "முடியாது சார்" என்றேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

உன் மேல் கோபம் போகவில்லை. போகும்போது சொல்கிறேன். ஆனால் ஒரு வருடம் சும்மா இருக்கப் போகிறாய் என்று அம்மா புலம்புகிறாள், அதனால் ஒன்று எழுதுகிறேன். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டுமானால் நேரில் வா. தலைமை நர்ஸிடம் பேசிவிட்டேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன். காலை ஏழிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து பார். கவுன் எங்கே போகிறது, எப்போது வருகிறது, யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவுவதில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

போனையும் கம்ப்யூட்டரையும் வீட்டில் வைத்துவிட்டு வா. மதியச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்.

அக்கா